கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

ஜூன் 4
காலையில் மனைவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் மெத்தையிலேயே சரிந்தோம். அவளுக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம். எனக்கு இன்னும் சரியாகத் தூக்கத் தெரியவில்லை. வாய் கோணியும் அவளுக்குக் கிண்டல் குறையவில்லை. "வாத்தியாரே, நான் என்ன சிமெண்டு மூட்டையா?"

மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: உங்களால் முடியவில்லை என்றால் அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்போம். இரண்டு மாதம் பொறு என்று கெஞ்சியிருக்கிறேன்.

ஜூன் 6
பிசியோதெரபி செய்யும் பெண் நான் தூக்குவதைப் பார்த்தாள். "ஏன் சார் இவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீங்க? நெஞ்சோட ஒட்டிப் பிடிங்க."

முப்பத்திரண்டு வருடம் இதைத்தானே கரும்பலகையில் எழுதினேன்? தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கு. பிறகு கையை நீட்டித் தூக்கு. வாளி அதேதான். தூரம் கூடியதால் திருப்புத்திறன் கூடுகிறது. அவளுக்கு வலித்துவிடுமோ என்ற பயத்தில் பாடம் மறந்துபோயிற்று.

ஜூன் 7
முழங்காலை மடக்கினேன். ஒட்டிப் பிடித்தேன். வந்துவிட்டாள். "பாஸ்" என்றாள்.

ஜூலை 2
இடுப்பு வலி இல்லை.

ஜூலை 29
இப்போது மூச்சுகூட வாங்குவதில்லை. எழுபத்தொரு வயதில் கைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று மகளிடம் பீற்றிக்கொண்டேன். வந்து பார்க்கிறேன் என்றாள்.

இன்றும் இவள் பாதிச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 1
வீட்டுக்கு வந்த நர்ஸ் இவள் எடையைக் கேட்டாள். இவளால் எடை மெஷினில் நிற்க முடியாது. நான் தூக்கிக்கொண்டு நின்றேன், பிறகு தனியாக நின்றேன். கழித்தால் முப்பத்தொன்பது கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சீட்டில் ஐம்பத்திரண்டு.

நர்ஸ் மறுபடி நிற்கச் சொன்னாள். அதே விடை.

கைப்பக்குவமாம் — பாரம் குறைந்துகொண்டே வந்திருக்கு, அதைப் பார்க்கலையே நான்? தினம் நாலு தடவை தூக்கறேன். இந்தக் கைதானே தூக்குச்சு?

ஆகஸ்ட் 5
ஸ்கேன். வயிற்றில் கட்டி, பரவிவிட்டதாம்.

ஆகஸ்ட் 9
மகள் பெட்டியோடு வந்தாள். டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த இல்லத்துக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்ப்பா. அம்மா இங்கேயே இருக்கட்டும்."

நான் கேட்டதெல்லாம் இதைத்தான்.

சாயங்காலம் இவள் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றாள். ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள மகள் எழுந்து வந்தாள். தேவைப்படவில்லை.