அக்காவைக் கேட்டதாகச் சொல்

பீபிள்ஸ், ஸ்கொட்லாந்து
9 யூன் 2025

அன்பின் தம்பி அன்ட்ரூவுக்கு,

சுகமாய் வந்து சேர்ந்தோம். ஊரின் நடுவாலே ருவீட் ஆறு ஓடுகிறது. வாடகை வீட்டின் குசினி யன்னலைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தம்தான். இங்கே தங்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடம் பார்த்து வருவதாகத் திட்டம். இடப்பக்கம் கார் ஓட்டப் பயந்து உன் அத்தான் ஊர்ந்துகொண்டு போகிறார். பின்னால் வருபவர்கள் ஹோர்ன்கூட அடிப்பதில்லை, அவ்வளவு நல்ல சனம்.

இங்குள்ள இணையம் கதைக்க விடாது, எழுத மட்டும் விடுகிறது. பெரியக்கா எப்படி? ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, "போட்டு வாடி, நான் ஓடிப்போக மாட்டன்" என்று அவ சொன்னதால்தான் விமானம் ஏறினேன். ஏதும் ஒன்றென்றால் மறைக்காதே. நான் கேட்டதாக அவவுக்குச் சொல்.

அன்புடன்,
சின்னக்கா வேரோனிக்கா

மில்லிக்கன், ரொறன்ரோ
12 யூன்

அன்பின் சின்னக்காவுக்கு,

பெரியக்கா அமைதியாக நித்திரை கொள்கிறா. வலி ஒன்றும் இல்லை. கதைக்க மாட்டா, அதனால் போன் எடுக்க வேண்டாம். இங்கே ஆட்கள் வந்து போகிறபடியால் எனக்கும் நேரமில்லை. முப்பது வருடம் தொழிற்சாலையும் வீடுமாக ஓடினீர்கள். முதல் விடுமுறை, ஆசை தீரப் பாருங்கள்.

தம்பி அன்ட்ரூ

பீபிள்ஸ்
14 யூன்

அன்பின் தம்பி,

நேற்று இங்குள்ள கோயிலில் அக்காவின் சுகத்துக்காக மெழுகுதிரி கொளுத்தினேன். அத்தான் கோட்டை பார்க்கக் கூப்பிடுகிறார். எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. ரிக்கெற்றை மாற்றிக்கொண்டு வரட்டா? வரச்சொன்னால் உடனே வருவேன்.

சின்னக்கா

மில்லிக்கன்
14 யூன்

சின்னக்கா,

வரத் தேவையில்லை. மாதா துணையால் எல்லாம் நல்லபடி நடக்கிறது. வீணாக யோசியாதீர்கள்.

அன்ட்ரூ

பீபிள்ஸ்
18 யூன்

அன்ட்ரூ,

நேற்று எடின்பரோவில் ஒரு தமிழ்க் கடைக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போனோம். கடைக்காரர் வழமைபோல எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று விசாரித்தார். பாசையூர் என்று சொல்லி, அப்பாவின் பெயரையும் சொன்னேன். "அப்ப நேற்று கனடாவில அடக்கம் பண்ணின பேர்ணடெற் உங்களுக்கு ஆர்?" என்றார். பிறகு போனில் பெரியக்காவின் மரண அறிவித்தலைக் காட்டினார்.

"வேரோனிக்கா, அன்ட்ரூ ஆகியோரின் அன்புச் சகோதரியும்" என்று போட்டிருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் என் பெயரையும் சேர்த்து அறிவித்திருக்கிறாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

பதினோராம் திகதி போன உயிர். அடக்கம் பதினாறு. இங்கிருந்து வர ஒரு நாள் போதும். செத்தவளுக்குச் சுகம் கேட்டு மன்றாட வைத்தாய். சொந்தக்காரர் அத்தனை பேரின் வாயையும் கட்டினாய். என் விடுமுறை கெடக்கூடாது என்றுதான் செய்திருப்பாய், விளங்குகிறது. கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

நாளைக்குப் புறப்படுகிறோம். விமான நிலையத்துக்கு நீ வராதே, ராக்சியில் போவோம். அக்காவுக்கு எந்தச் சேலை உடுத்தினீர்கள் என்று மட்டும் எழுது. அதற்குப் பிறகு எழுதாதே.

வேரோனிக்கா