முன்வாசல் பூட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம்தானே, குழந்தைக்குச் சளி விட்டதா. போனில் பேசினால் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பாதி கேட்டுப் பாதி விட்டுவிடுகிறாய், அதனால்தான் வீட்டு விஷயத்தை ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் பக்கத்தில் பத்திரம் இல்லாமல் வெகுகாலமாகக் குடியிருக்கிறவர்களுக்கு அவரவர் இருக்கும் இடத்தையே பட்டா போட்டுக் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா. நல்ல காரியம்தான். நமக்குத்தான் பத்திரம் இருக்கிறதே என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். உன் அம்மா போன பிறகு அந்த முன் அறை நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார என்னால் முடியவில்லை. முன்கதவைப் பூட்டிவிட்டு, சமையலறையை ஒட்டிய அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, பின்சந்து வழியாகவே போய் வந்துகொண்டிருக்கிறேன். சொன்னால் வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை. அளக்க வந்தவர்கள் முன்தெருவில் நின்று தட்டியிருக்கிறார்கள், பூட்டு துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள், இங்கே யாரையும் பார்த்ததே இல்லை என்றிருக்கிறார்கள். பின்பக்கம் போனால் நம் கொட்டகையில் பட்டறை வைத்து வாடகைக்கு இருக்கிற வெல்டர் தம்பி பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். நான் அந்த நேரம் பார்த்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஆளில்லாத வீடு என்று எழுதிக்கொண்டு, கொட்டகை, வீடு, கிணறு எல்லாவற்றையும் சேர்த்து அவன் பெயருக்கே பட்டா போட்டுவிட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே உன் அப்பனை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள் அம்மா.

அதுகூட அவன் சொல்லித் தெரியவில்லை, வீட்டுவரி கட்டப் போன இடத்தில்தான் தெரிந்தது. வந்து கேட்டேன். நானா கேட்டேன், அவங்களா கொண்டுவந்து குடுத்தாங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அன்றிலிருந்து என்னைக் கண்டால் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்துவிடுவான், இரும்பு இருக்கிறதோ இல்லையோ. அவன் மனைவி சாயங்காலம் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாள், அதுவும் நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் பட்டா போனதைவிட அந்த டீ நின்றதுதான் எனக்குப் பெரிய அடி. நாள் முழுக்க வாயைத் திறக்க ஆளில்லை. அந்த வாரத்தில்தான் நீ போனில், அந்த வீடு இனி யாருக்குப்பா வேணும், விட்டுட்டு இங்க வந்துடுங்க என்றாய். இதெல்லாம் தெரியாமல் நீ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், ஆனால் போனை வைத்ததும் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்து வெளியே வைத்தேன்.

நில அலுவலகத்தில் ஆட்சேபனை கொடுத்தேன். பத்திரம் உங்களுதுதான் பெரியவரே, ஆனா விட்டுட்டுப் போன வீடுன்னு பதிவாகியிருக்கு, நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு பார்த்தவங்க யாராவது வந்து சொல்லணும் என்றார் அதிகாரி. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா, நான்தான் முன்னால் நிற்கிறேனே என்றேன், சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். பழைய மனிதர்கள் எல்லாம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். முன்தெருவில் என் முகம் தெரிந்த ஒருத்தர்கூட இல்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லக்கூடியவன் இந்த உலகத்தில் அந்த வெல்டர் ஒருத்தன்தான். அவனிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது. கேட்கவில்லை.

விசாரணை நாளில் அவனையும் வரச்சொல்லியிருந்தார்கள். இவர் அங்கதான் இருக்காரா என்று அதிகாரி கேட்டதும் அவன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான், இருக்காருங்க, காலையில குளிக்கும்போது படியில நிக்காதே, உள்ள போ உள்ள போன்னு கத்துவாரு, அந்தச் சத்தம் வரலைன்னா நான் போய் எட்டிப் பார்த்துட்டுதான் பட்டறையைத் திறப்பேன் என்று. அலுவலகமே சிரித்தது. ரிட்டையராகி பஸ்ஸை விட்டு இறங்கி இத்தனை வருஷம் ஆகியும் நான் கண்டக்டராகவே குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். தினமும் ஒருத்தன் என் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறான், அது தெரியாமல் நான் தனி ஆள், தனி ஆள் என்று புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே என்று அவன் மனைவி அவனோடு பேசுவதில்லையாம். டீ இன்னும் வரவில்லை. கொட்டகை இருக்கும் துண்டை மட்டும் அவனுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று எனக்குப் படுகிறது, உன் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டேன், யோசித்து எழுது.

பட்டாவைத் திருத்துவதற்கு முன் அவர்கள் இன்னொரு முறை நேரில் பார்க்க வருவார்களாம், எந்த நாள் என்று சொல்லமாட்டார்களாம். அதனால் வெல்டர் தம்பியே வந்து பூட்டை அறுத்தெடுத்தான். இப்போது காலையிலிருந்து முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை. யாருக்கு வேணும் என்று கேட்டாயே, எனக்கு வேணும் அம்மா.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைத் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்ட விடாதே, பேத்தியைக் குளிரில் வெளியே அனுப்பாதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, லீவு கிடைத்து வரும்போது பின்சந்து வழியாக வராதே. கதவு திறந்திருந்தாலும் முன்வாசலில் நின்று பலமாகத் தட்டு. தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
இந்த வீட்டில்தான் இருக்கும்
உன் அப்பா