கறவைக் கூடத்தில் கூப்பிடும் குரல்

அனுப்புநர்
ப. ஜவஹர்,
பணியாளர் குடியிருப்பு,
செங்கழுநீர்ப் பால் பண்ணை,
கொட்டிவாக்கம், சென்னை.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை,
சென்னை.

பொருள்: பால் பண்ணையின் கறவை ரோபோவோடு ஒலிக்கும், காலமான என் மனைவியின் குரலை நிறுத்த ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இப்படி ஒரு புகாருக்கு எந்தச் சட்டத்தில் இடம் உண்டு என்று எனக்குத் தெரியாது. காவல் நிலையத்தில் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். மாடு சம்பந்தப்பட்டது என்பதால் தங்களிடம் வருகிறேன்.

1. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திரு. ஆனந்தகுமார் அவர்களின் குடும்பம் இந்தப் பண்ணையை நடத்துகிறது. அடையாறு, மயிலாப்பூர் வீடுகளுக்கு இங்கிருந்துதான் பால் போகிறது. என் மனைவி முத்துலட்சுமி இங்கே பால் கறந்தார். தீவனமும் சாணியும் என் வேலை. கூடத்தை ஒட்டிய அறைதான் எங்கள் வீடு.

2. சென்ற ஆண்டு, பழைய கறவைக் கூடத்தை இடிக்காமல், மாடுகள் வரிசையாக நின்ற இடத்திலேயே கம்பித் தடுப்பு போட்டு ரோபோவைப் பொருத்தினார்கள். மாடு தனக்குத் தோன்றும் நேரத்தில் தானாக உள்ளே வரும். கழுத்துப் பட்டையை வைத்து எந்த மாடு என்று இயந்திரம் தெரிந்துகொண்டு, மடியைக் கழுவி, காம்பைத் தேடிக் கறக்கும். ரோபோவின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் என் கையைவிட அதன் கை மென்மை.

3. ஆனால் மாடுகள் வாசல் வரை வந்து நின்றுவிட்டன. உள்ளே போனவையும் பாலை அடக்கிக்கொண்டன. அவற்றைப் பெயர் சொல்லி அழைத்துக் கறந்தே பழக்கியிருந்தோம். இயந்திரத்தைப் பொருத்த பெங்களூரிலிருந்து வந்த பொறியாளர் திரு. குருபிரசாத், என் மனைவியை ஒவ்வொரு மாடாகக் கூப்பிடச் சொல்லிப் பதிவு செய்து, மாடு நுழையும்போது அந்தக் குரல் ஒலிக்கும்படி செய்தார். “இந்தா, செவலை, வா” என்றதும் செவலை போய் நின்று சுரந்தது. என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. ரேடியோவில் பாடியவர் மாதிரி தெருவெல்லாம் சொல்லி வந்தார்.

4. சென்ற ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு என் மனைவி காலமானார். அதில் பண்ணையின் தவறு எதுவும் இல்லை. அடக்கம் முடித்துத் திரும்பியபோது கூடத்தில் அவர் செவலையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

5. இனித்தான் நான் சொல்ல வந்தது. பதிவு செய்த அன்று, எல்லா மாட்டையும் கூப்பிட்டு முடித்தபின், வெளியே புல் இறக்கிக்கொண்டிருந்த என்னையும் அவர் கூப்பிட்டார். “இந்தா... வாய்யா, டீ ஆறிக்கினு கீது” என்றார். கருவி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கல்யாணமான நாள் முதல் எனக்கு ‘இந்தா’தான் பெயர். மாட்டையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அதனால் பெயர் வைக்காத மாட்டைக் கூப்பிடும் முறை இது என்று பொறியாளர் எடுத்துக்கொண்டு, டீயை மட்டும் வெட்டி எறிந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெயரில்லாமல் கூப்பிட்டால் அது யாருக்கென்று அவர் எப்படி அறிவார்?

இப்போது பண்ணைக்குப் புது மாடுகள் வந்துகொண்டிருக்கின்றன. பெயர் வைக்க ஆள் இல்லை. அவற்றில் ஒன்று நுழையும்போதெல்லாம் என் மனைவி என்னைக் கூப்பிடுகிறார். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுகிறேன். போய்ப் பார்த்தால் மாடு நிற்கிறது, ரோபோவின் கை அசைகிறது. டீ ஆறுவதை இயந்திரம் சொல்வதில்லை. அது எனக்கு மட்டும் கேட்கிறது.

6. முன்பு ஒருமுறை செவலையின் கன்று செத்துப்போனது. தோலை உரித்து வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்தினால் மாடு ஏமாந்து சுரக்கும் என்று மேலாளர் சொன்னார். பல இடங்களில் செய்வதுதான். முத்துலட்சுமி விடவில்லை. “செத்தத காட்டி கறக்காதீங்க நைனா, அது பாவம்” என்றாள். செவலை தானாகச் சுரக்கும் வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே பக்கத்தில் கிடந்தாள். அப்படிப்பட்டவளையே இன்று வைக்கோல் அடைத்து நிறுத்தியிருக்கிறார்கள் ஐயா.

7. செவலையும் அவளைத் தேடுகிறது. கறந்து முடிந்தபின் வெளியே போவதில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் மூக்கை நீட்டி மோந்து பார்த்தபடி நிற்கிறது. அடுத்த மாடு வந்து முட்டினால்தான் நகர்கிறது.

8. ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் மகள் தாரணி, தன்னோடு வந்துவிடச் சொன்னாள். போனேன். அங்கே யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதைத் தாங்க முடியாமல் திரும்பி வந்தேன். குரல் கேட்டாலும் பயமாக இருக்கிறது, கேட்காவிட்டாலும் பயமாக இருக்கிறது. இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தாரணி அழுகிறாள்.

9. திரு. ஆனந்தகுமார் அவர்களிடம் முறையிட்டேன். அவர் கெட்டவர் அல்ல. குரலை எடுத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும், வாடிக்கையாளர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார். இறந்தவர் குரல் தினமும் கேட்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றும், வேண்டுமானால் என் செல்போனிலும் ஏற்றித் தருவதாகவும் அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். செவலையைப் போல நானும் ஏமாந்து நிற்பேன்.

ஆகவே, தாங்கள் பண்ணையை நேரில் பார்வையிட்டு, அந்தக் குரலை நிறுத்தச் சொல்லுமாறு வேண்டுகிறேன். ரோபோ இருக்கட்டும். மாடுகள் பழகும்வரை நானே வாசலில் நின்று கூப்பிடுகிறேன். புது மாடுகளுக்கு நானே பெயர் வைக்கிறேன். என் குரல் கட்டை. ஆனாலும் மாடு திரும்பிப் பார்த்தால், கூப்பிட்டவன் அங்கே இருப்பான்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். நிறுத்தும் நாளை எனக்கு முன்கூட்டியே தெரிவித்து, நான் கூடத்தில் இருக்கும்போது நிறுத்தச் சொல்லுங்கள். சொல்லாமல் நிறுத்திவிட்டால், அடுத்த மாட்டுக்குக் கூப்பிடுவாள், அடுத்த மாட்டுக்குக் கூப்பிடுவாள் என்று நான் உட்கார்ந்தே இருப்பேன்.

இடம்: கொட்டிவாக்கம்
நாள்: 12.02.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ப. ஜவஹர்