கால் பவுடரில் விழுந்த கறுப்புக் கோடு

லோர்னா,

பீன்ஸ் சூப் அடுப்பின் மேலேயே இருக்கிறது, சூடாக்கிக்கொள். நான் பஸ்ஸில் போகிறேன். வண்டிச் சாவி ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

பத்து மணிக்கு வண்டியை வாங்க ஓர் ஆள் வருவார். விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிடு. ஏன் என்று கேட்டால், எண்ணெய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தது நீதான் என்று தயங்காமல் சொல்.

இரண்டு சனிக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினின் கீழ்த்தட்டில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை இரண்டு தடவை மாற்றினேன். "சொட்டுற இடத்தையே பாத்துட்டுக் கிடக்கியே வெண்டெல், எண்ணெய் மேலேருந்துதானே இறங்கும்?" என்று கேட்டாய். "நீ போய் உன் ஊசி நூலைப் பாரு" என்றேன்.

நீ எஞ்சினைப் பளிச்சென்று துடைத்தாய். நான் காலில் பூசும் பவுடர் முழுவதையும் அதன் மேல் கொட்டி, ஏரி வரை ஓட்டிவிட்டு வந்தாய். வண்டியின் முன்மூடியைத் தூக்கினால், எஞ்சின் மேல்மூடியின் பின் மூலையிலிருந்து வெள்ளைப் பொடியில் ஒரே ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. புதுக் கேஸ்கட்டையும் நீயே போட்டாய். நான் விளக்குப் பிடித்தேன்.

காலையில் போய்ப் பார்த்தேன். நீ அடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

ஊசி நூல் என்று சொன்னது தப்பு.

வெண்டெல்

மறந்துவிட்டேன்: அட்டையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருக்கும். பதறாதே. மூன்றாவது தடவை குனிந்து பார்த்தபோது என் காபி சிந்திவிட்டது.