பத்தில் மூன்று இடம்

என் வீட்டுக்காரருக்கு உங்கள் மனைவி கும்பிட்டு எழுதுவது. நீங்களும் பிள்ளையும் சுகம்தானே? முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை நான் பக்கத்தில் இல்லாத துணிச்சலில் சும்மா இருக்கிறீர்களா?

என் நுரையீரல் புற்றுக்குப் புது வைத்தியம் இருக்கிறதாம். ரத்தத்திலிருந்து நோயோடு மல்லுக்கட்டும் அணுக்களை எடுத்து, வெளியே வளர்த்து, திரும்ப உள்ளே விடுவார்களாம். நான் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தின்று தேறி, வந்ததும் உங்களோடு சண்டைக்கு நிற்பேனே, அதேதான்.

அது யாருக்குக் கேட்கும் என்று முதலில் ரத்தத்தைச் சோதிப்பார்கள். இந்த ஊரில் நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடுகிறவர்கள் பேச்சைக் கேட்டு, மூன்று நாள் பீட்ரூட்டாகத் தின்றுவிட்டுப் போனேன். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நாங்க நிறத்தைப் பார்க்கல, உள்ளே இருக்குற அடையாளத்தைப் பார்க்குறோம்!"

நேற்று முடிவு வந்தது.

"உங்களை மாதிரி அடையாளம் இருக்குறவங்கள்ல பத்துக்கு மூணு பேருக்குத்தான் கேட்டிருக்கும்மா. யோசிச்சு சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"மூணு இடம் இருக்குல்ல? நெரிசல் பஸ்லயே ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிறவ நான்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் தோற்றதற்கே அழாதவள், ரத்தப் பரீட்சைக்கா அழப்போகிறேன்?

அடுத்த மாதம் அணுக்களை உள்ளே விடுகிறார்கள். அதற்குள் உங்கள் பழைய துண்டு ஒன்றை அனுப்பி வையுங்கள். இடம் பிடிக்க வேண்டாமா?

நர்ஸ் கூப்பிடுகிறாள், வருகிறேன். துண்டைத் துவைத்துவிடாதீர்கள். அப்படியே அனுப்புங்கள்.