ஆறாவதாக ஓடி முதலாவது

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நர்ஸை டாக்டராக்கும் அதிகாரம் இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குளிர் குறைந்ததா? கண்ணாடிக் கடையில் வியாபாரம் சுமார்தான். ஃபிரேமை மாட்டிப் பார்ப்பவர்களே அதிகம்.

இனி சிட்டுவின் சமாச்சாரம். ஐந்து போட்டிகளையும் கூட்டி முதலாவதாக வரும் பெண்ணுக்கு மட்டும் அந்த விளையாட்டு விடுதிப் பள்ளியில் இடம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? எந்தப் போட்டியில் எத்தனாவது வந்தாய் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. தாண்டிய உயரம், ஓடிய நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கடைசியில் மொத்தக் கூட்டல். இது என் மண்டையில் ஏறுவதற்குள் நான்கு போட்டி முடிந்துவிட்டது.

நம் பெண்தான் முன்னிலை. உயரம் தாண்டுவதில் புள்ளிகளை அள்ளிவிட்டாள். ஆனால் மிச்சமிருந்தது எண்ணூறு மீட்டர் ஓட்டம். இரண்டாவதாக இருந்த நெட்டைக்காரிக்கு அது தண்ணீர் குடிப்பது மாதிரி. சிட்டுவுக்கு ஓட்டம் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியாளரம்மா அவள் தோளைப் பிடித்து, "நீ ஜெயிக்கவே வேணாம். அவ வந்ததிலேர்ந்து ஒன்பது செகண்டுக்குள்ள நீ வந்துட்டா போதும். அவளைப் பாக்காத, உன் ஓட்டத்த ஓடு" என்றார்.

முதல் சுற்றிலேயே பின்தங்கிவிட்டாள். கடைசி வளைவில் ஆறாவது. பக்கத்தில் நின்றவர், "பாவம் சார் அந்தப் பொண்ணு, கடைசில கோட்டை விட்டுருச்சு" என்றார். "கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்று எரிந்து விழுந்தேன். நெட்டைக்காரி கோட்டைத் தாண்டிவிட்டாள். சிட்டு இன்னும் வந்துகொண்டிருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தச் சில விநாடிகளில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று மட்டும் கேட்காதே.

வந்தவள் அப்படியே தரையில் விழுந்தாள். பலகையில் எழுதினார்கள்: எட்டு விநாடி சொச்சம்தான் வித்தியாசம். ஏழே புள்ளியில் முதலிடம்! அந்த நெட்டைக்காரிதான் கை கொடுத்து அவளை எழுப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுப்பினாள், நல்ல பெண். நான் எரிந்து விழுந்தேனே, அந்த மனிதரிடம் நானே போய்க் கைகுலுக்கினேன். நான் அழுதேன் என்று சிட்டு சொல்வாள், நம்பாதே.

அடுத்த மாதம் விடுதிக்குப் போகிறாள். புது ஷூவும் போர்வையும் வாங்கியாயிற்று. சாப்பிடும்போது திடீரென்று, "நான் போயிட்டா நீ யார் கூடப்பா சாப்பிடுவ?" என்று கேட்டாள். "டிவி கூட. அதுதான் உன்ன மாதிரி தட்டுல காயை ஒதுக்காது" என்றேன். சிரித்தாள். பிறகு ஒதுக்கியிருந்த காயையும் எடுத்துச் சாப்பிட்டாள்.

உன் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்றாய். உன் இஷ்டம்தான். உனக்கு அங்கே நல்ல பெயர், எனக்கும் அதில் பெருமை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மட்டும் ஒருமுறை என்னைக் கூப்பிடு. நான் இருக்காதே, வா என்றெல்லாம் சொல்லமாட்டேன். சும்மா கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

சிட்டுவின் அப்பா