புளிப்பானை இருந்த அறை

மார்ச் 3, சனி

வெயில் இப்போதே தாங்கவில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை. காலை முதல் சாமான் அறையைக் காலி செய்யும் வேலை.

வெளியே போனவை: புளிப்பானை, வெங்காயக் கூடை, மிளகாய் வற்றல் மூட்டை, கிழிந்த குடைகள், தொட்டில் கம்பு. தொட்டில் கம்பை மட்டும் நேசம் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கே வைத்தாளோ, கேட்கவில்லை. மற்றதுக்கெல்லாம் சண்டை.

"இம்புட்டுச் சாமானையும் நான் எங்க வைக்கிறது? தலையிலயா?"

"அடுப்பங்கரையில் வை."

"அடுப்பங்கரையில நான் நிக்கிறதுக்கே எடமில்ல. ஆண்டவருக்கு ரூம்பு வேணும்னா மச்சுல கட்டுங்க."

பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருந்தால் ஆபிரகாமே ஊரை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டார். ஆனால் இதை அவளிடம் சொல்லவில்லை. மத்தியானச் சோறு முக்கியம்.

எல்லாம் போன மாதத்து எழுப்புதல் கூட்டத்தால் வந்தது. பிரசங்கியார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "ஆண்டவர் வந்தால் உட்கார உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தாத்தா உபதேசியார், அப்பா உபதேசியார், நான் பசுமலையில் வேதபாட வாத்தியார். எங்களில் ஒருவருக்காவது ஆண்டவர் தம்மைக் காட்டியதாக வீட்டில் பேச்சே கிடையாது. அன்றைக்குக் கூட்டத்தில் லாரி டிரைவர் ஒருவன், பேர் போன குடிகாரன், முன்னால் ஓடி விழுந்து அழுதான். இப்போது ஆளே மாறிவிட்டானாம். பக்கத்திலேயே உட்கார்ந்து ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு வியர்த்தது, அவ்வளவுதான்.

ஆகவே அறை. சாயங்காலம் சுண்ணாம்பு அடித்தாயிற்று. புதுப் பாய், வேதப்புத்தகம், ஒரு முக்காலி. கதவுக்கு உள்தாழ்ப்பாள். வெளியே பூட்டு, சாவி என்னிடம்.

மார்ச் 5, திங்கள்

விடிகாலையில் உள்ளே போனேன். நேற்றும் போனேன். கொசு. சுண்ணாம்பையும் மீறிப் புளி வாசனை. சபைக்காக, பள்ளிக்கூடத்துக்காக, மன்னருக்காக, மிஷனெரிகளுக்காக, மழைக்காக ஜெபம். தொண்டை கட்டிவிட்டது. வேறொன்றும் இல்லை.

வெளியே வந்ததும் நேசம் சொல்கிறாள்: "உள்ள நீங்க ஜெபம் பண்றது கோயில்ல மைக்கு இல்லாமப் பேசுற மாதிரி இருக்கு. தேவரீர், அடியேன்னு... பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர் பாதித் தூக்கத்துல எந்திரிச்சு ஆமென் சொன்னாராம்."

டிரில் மாஸ்டரிடம் விசாரித்தேன். சொன்னது நிஜம். "மாப்ள, உங்க ஜெபத்துல கடைசிப் பகுதி ரொம்ப நல்லாருந்துச்சு" என்றான். அடி கொடுக்கலாம் போலிருந்தது.

சவரக்கத்தி தீட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள் பாக்கி.

மார்ச் 8, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மாலை நாலரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பாட்டு. நேசத்தின் குரல்.

எங்கள் மகள் லில்லி காய்ச்சலில் போனபின் நேசம் பாடவில்லை. கோயிலில்கூட. எல்லோரும் எழுந்து பாடும்போது இவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அதட்டினேன், கெஞ்சினேன், அவளுக்குப் பிடித்த ராகத்தில் ஹார்மோனியம் வாசித்தேன். எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். குழந்தையோடு குரலும் போய்விட்டது என்றே விட்டுவிட்டேன்.

இன்று கீரை ஆய்ந்துகொண்டே பாடுகிறாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது.

"என்ன நேசம்?"

"ஒண்ணுமில்லங்க. கொழம்புக்குப் புளி எடுக்கப் போனேன். பழக்கத்துல காலு அந்த ரூம்புக்குப் போயிருச்சு. நீங்க பூட்ட மறந்துட்டீக. பானையக் காணோம். வெறும் தரை. என்னமோ தோணுச்சு, உக்காந்துட்டேன். லில்லி போன அன்னைக்கு யார்ட்டயும் கேக்காத கேள்வியெல்லாம் கேட்டேன். திட்டுனேன்கூட. அப்புறம் பேச ஒண்ணுமில்ல. சும்மா இருந்தேன். அப்ப பக்கத்துல வந்து உக்காந்திருந்தாக."

"யாரு?"

"அவுகதான்."

"பாத்தியா?"

"பாக்கல. உக்காந்திருந்தாக. அம்புட்டுத்தான். எம்புட்டு நேரமோ தெரியல. அடுப்புல சோறு அடிப்பிடிச்சுப் போச்சு."

சோறு தீய்ந்துதான் இருந்தது. இருவரும் சாப்பிட்டோம். நல்லது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றேன். வேதபாட வாத்தியார் வேறென்ன சொல்வான்.

மார்ச் 9, வெள்ளி

தூக்கமில்லை. இந்த நோட்டில் யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன்: எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது.

சுண்ணாம்பு அடித்தவன் நான். பாய் வாங்கியவன் நான். கொசுக்கடி பட்டவன் நான். புளி எடுக்கப் போனவளிடம் வந்து உட்காருவதாம்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் அதிகமாகக் குத்துகிறது. அவளை ஆற்ற நான் இத்தனை நாள் பட்ட பாடு கொஞ்சமா? என்னால் ஆகவில்லை. ஒரு மத்தியானத்தில் வேறொருவர் வந்து ஆற்றிவிட்டுப் போய்விட்டார். அவர் ஆண்டவரே ஆனாலும் புருஷன் நான்.

பள்ளிக்கூடம் போகும்போது அறையைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். சின்னப்புத்திதான். தெரிந்தே செய்தேன்.

மார்ச் 10, சனி

பூட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காளவாசல் போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்து பார்த்தால், அடுப்பங்கரையில் புளிப்பானைக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வியாழக்கிழமை பார்த்த அதே முகம்.

அப்படியானால் அறையில் இல்லை விஷயம். பூட்டியும் பிரயோசனமில்லை. நான் போய் மறுபடி உட்கார்ந்தேன். தேவரீர், அடியேன். சுவர். பல்லி.

மார்ச் 11, ஞாயிறு

கோயிலில் நேசம் பாடினாள். முதல் பாட்டிலேயே முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹார்மோனியத்தில் எனக்கு ஒரு கட்டை தப்பிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் கவனித்தார்கள்.

ஆராதனை முடிந்து போதகர் ஐயா என் தோளில் கை வைத்தார். "வாத்தியாரே, வர்ற ஞாயித்துக்கெழமை ஒரு சாட்சி வேணும். உண்மையா ஆண்டவரச் சந்திச்சவுக சொன்னாத்தான் சபைக்குப் பிரயோசனம்."

எனக்கு நெஞ்சு விம்மியது. அறையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "அடியேனுக்கு அவ்வளவு தகுதி..." என்று இழுத்தேன்.

"நீங்க இல்ல வாத்தியாரே. இன்னைக்குப் பாட்டுலயே தெரிஞ்சுச்சு. வீட்டம்மாவக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அவள் பக்கத்தில்தான் வந்தாள். சொல்லவில்லை.

மார்ச் 14, புதன்

இன்னும் சொல்லவில்லை. போதகர் ஐயா கேட்டால் மறந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

பல்வலி. கிராம்பு வைத்திருக்கிறேன். இன்று மேகம் கூடியது, மழை இல்லை. நேசம் எனக்கு இதமாக ரசம் வைத்தாள். கோபமே படுவதில்லை இப்போதெல்லாம். முன்பு நாலு வார்த்தை திட்டுவாள், நானும் திட்டுவேன், வீடு வீடாக இருக்கும். இந்தச் சாந்தம் தாங்கவில்லை. என்னை விட்டுவிட்டு எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டவள் மாதிரி.

மார்ச் 17, சனி

காலை ஒன்பது இருக்கும். வாசலில் நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். டிரில் மாஸ்டர் வீட்டிலிருந்து அவன் சின்ன மகள் தத்தித் தத்தி நடந்து வந்தாள். உடம்பில் மஞ்சள் கவுன். கழுத்தில் வெள்ளை ரிப்பன்.

லில்லியின் கிறிஸ்துமஸ் கவுன். டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. நானே மடித்து வைத்தது.

டிரில் மாஸ்டர் பின்னாலேயே வந்தான். வழக்கமான கேலி இல்லை. "நேசம் அக்கா குடுத்தாங்க மாப்ள. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். வேண்டாம்னா கழட்டிர்றேன்."

"இருக்கட்டும்" என்றேன். குழந்தை என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தது.

உள்ளே வந்தேன். நேசம் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளிடம் போகவில்லை. பூட்டைத் திறந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பாயில் உட்காரவில்லை, முழங்கால் போடவில்லை. நின்றபடியே, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். தேவரீரும் அடியேனும் வாயிலிருந்து எங்கே போனார்களோ தெரியவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்தீங்க, சரி. அவகிட்ட உக்காந்தீங்க, அதுவும் சரி. என்னப் பாத்தா ஆளாத் தெரியலையா? அவளுக்கு மட்டுந்தான் புள்ள செத்துச்சா? எனக்குச் சாகலையா? அடக்கத்துல எல்லாரும் அழுதாங்க, நான் நின்னு ஜெபம் பண்ணேன். பிழையில்லாமப் பண்ணேன். அன்னைலேருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பனா? நாலு வருசமா உங்ககிட்ட வந்து மழைக்கும் மன்னருக்கும் கேட்டேன், எனக்குன்னு ஒண்ணு கேட்டனா? சாட்சி சொல்ல அவளைக் கூப்பிட்டாக, நான் அவகிட்டச் சொல்லவே இல்ல, அதுவும் உங்களுக்குத் தெரியும். பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க. வந்தா ரெண்டு பேர்ட்டயும் வரணும். என் புள்ளைக்கு அந்தக் கவுன் எம்புட்டு நல்லாருந்துச்சு தெரியுமா?"

இன்னும் என்னென்னவோ. பாதி நினைவில் இல்லை. கடைசியில் அழுதேன். மூக்குச் சிந்த துண்டுகூட இல்லை, சட்டைக் கையில் துடைத்தேன். பிறகு சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். புளி வாசனை. தெருவில் அந்தக் குழந்தையின் சத்தம். சும்மா இருந்தேன்.

எவ்வளவு நேரமோ. கதவுக்கு வெளியே வளையல் சத்தம். நேசம் மெதுவாகக் கேட்டாள்:

"என்னங்க, யாரு வந்திருக்கா?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சே. யார்ட்டயோ சண்ட போட்டுக்கிட்டிருந்தீங்க. ஜெபம்னா எனக்குத் தெரியாதா, இது யாரோ தெரிஞ்சவுகட்டப் பேசுற மாதிரில்ல இருந்துச்சு. காப்பி போடவா? உள்ளுக்கு எத்தனை தம்ளரு?"

பக்கத்தில் பார்த்தேன். வெறும் தரைதான், வெள்ளைச் சுவர்தான்.

"ரெண்டு" என்றேன்.